ரீல் மாறிய தீபாவளி

தீபாவளிக் காலை. படப்பெட்டி இன்னும் வரவில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையும், கழுத்தில் உறுத்தும் புதுச் சட்டையுமாகச் சினிமாக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மழை விட்டுவிட்டுத் தூறியது. வெடித்த பட்டாசுக் காகிதமெல்லாம் ஊறிப்போய்த் தெருவில் சிவப்புக் கூழாகக் கிடந்தது. என்னைச் சுற்றிலும் பெருங்கூட்டம். எல்லோருடைய கண்ணும் கடலூர்ச் சாலை மேலேயே இருந்தது.

எனக்கோ தூக்கம் கண்ணைச் சுழற்றியது. சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். யாரோ, "பெட்டி வந்துடுச்சு!" என்று கத்தி எழுப்பினார்கள். பொய். மறுபடி தூங்கினேன். மறுபடி எழுப்பினார்கள். அதுவும் பொய்.

போன இதழில், அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொல்லியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காக: புதுச்சேரி நெல்லித்தோப்பில் வீடு. ஊருக்குள் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. எப்படியாவது நாவலாசிரியன் ஆகிவிட வேண்டும் என்ற ஆசை. வயது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

கால்வலிப் பண்டிகை

பண்டிகை என்றால் உங்களுக்கெல்லாம் பலகாரம் ஞாபகம் வரும். எனக்குக் கால்வலிதான் ஞாபகம் வரும்.

ஐப்பசி பிறந்தால் ஜவுளிக்கடை நோட்டீஸ், பட்டாசுக் கடை நோட்டீஸ், சினிமா நோட்டீஸ். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் மாதா கோயில்காரர்களின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள், அதுவும் பிரெஞ்சில். எழுத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கொக்கி என்று ஆயிரம் நகாசு. ஒரு கோடு சாய்ந்துவிட்டால் பழைய துரைத்தன உத்தியோகஸ்தர்கள் அட்டையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். அப்புறம் காலண்டர், அப்புறம் பொங்கல் வாழ்த்து.

ஊரெல்லாம் பண்டிகை கொண்டாடும். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்று அதை அச்சடித்துக்கொண்டிருப்போம். விரலிடுக்கில் ஏறிய மை சீயக்காய்க்கும் போகாது. அந்த விரலால்தான் வீட்டுக்கு வந்து நாவல் எழுத வேண்டும். வீணாய்ப்போன நோட்டீஸ்களின் பின்பக்கம்தான் எனக்குக் காகிதம். ஒரு அத்தியாயம் மஞ்சள், ஒரு அத்தியாயம் பச்சை என்று என் நாவல் பார்ப்பதற்கு ஏதோ தோரணம் மாதிரி இருக்கும்.

நம்ம ஆள்

அன்று வரவிருந்த படத்தின் பெயரையும் நடிகரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வேறு யாரையாவது சொல்கிறேனோ என்று சந்தேகப்பட்டு மற்றவர் ரசிகர்களும் வருவார்கள். இந்த வயதில் யாரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. 'நம்ம ஆள்' என்றே வைத்துக்கொள்வோம். நாங்களும் அவரை அப்படித்தான் சொன்னோம்.

நானும் ரசிகன்தான். ஒளிக்க என்ன இருக்கிறது? பெரிய இலக்கியம் படைக்கப் போவதாக வெளியே பீற்றிக்கொண்டாலும், நம்ம ஆள் திரையில் தலையைக் காட்டிவிட்டால் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு விசில் அடிப்பேன். அந்த விசிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மாமா.

மாமா என்றால் தனம் அக்காவின் கணவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. சிப்பாய்க்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். முதலில் சைகோனில் இருந்தார், பிறகு அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள். லீவில் வந்தால் வீட்டையே தலைகீழாக்கிவிடுவார். சமையலறை வரைக்கும் சிகரெட் வாசனை வரும். அம்மாவிடம் பிரெஞ்சில் ஏதாவது சொல்லிவிட்டு, "கெட்ட வார்த்தை இல்ல அத்தை, நல்ல வார்த்தைதான்" என்பார். மாலையானால் அக்காவைப் புஷ்புஷ் வண்டியில் உட்காரவைத்து, தான் கூடவே நடந்து, சினிமாவுக்குக் கூட்டிப்போவார். வண்டியை ஒருவர் பின்னால் இருந்து தள்ள, இவர் பக்கத்தில் நடந்தபடி வழி நெடுகக் கதை சொல்லிக்கொண்டு போவார்.

என் நாவலின் நாயகன் அவர்தான். எழுதிய அத்தியாயங்களை அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்பாள். "அவரு எங்கடா காப்பி குடிச்சாரு? டீதான் குடிப்பாரு. மாத்து" என்பாள். மாற்றுவேன்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் பிரெஞ்சு அலுவலகத்திலிருந்து ஒருவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா அல்ஜீரியாவில் இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்தாகிவிட்டது. அவ்வளவுதான் அவருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா போட்டோவை வைத்துக் கருமாதி செய்தாள். அக்கா அந்தப் பக்கமே வரவில்லை. தாலியைக் கழற்ற வந்த பெண்களிடம், "உடம்பக் கண்ணால காட்டுங்க. அப்புறம் கழட்டறேன்" என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். கப்பல் வருகிறது என்று யாராவது சொன்னால் போதும், கடற்கரைக்குப் போய் நின்றுவிட்டு வருவாள்.

சாவு விழுந்த வருடம், வீட்டில் தீபாவளி கிடையாது என்றாள் அம்மா. அக்கா பிடிவாதமாக எனக்கொரு சட்டை தைத்து வைத்திருந்தாள். "யாரும் சாகல. குளிச்சுட்டு போட்டுக்க" என்று என் மேல் எறிந்தாள். அந்தச் சட்டைதான் அன்று காலை என் கழுத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

எங்களுக்கு ஒரே பயம். இவள் அந்தச் சாவை நம்ப வேண்டும். நம்பாவிட்டால் ஆயுசு முழுக்கக் கடற்கரையில்தான் நிற்பாள். என் நாவலும் நின்றுபோயிருந்தது. நாயகனை அல்ஜீரியாவுக்குக் கப்பலேற்றிய இடத்தில் விட்டிருந்தேன். அவனைச் சாகடித்தால் அக்காவுக்குப் படித்துக் காட்ட முடியாது. திரும்பக் கூட்டிவந்தால் அது பொய். மாதக்கணக்கில் அவன் கப்பல் மேல்தளத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

முதல் காட்சி

ஒரு வழியாகப் பெட்டி வந்தது. வாடகைக் காரின் மேலே கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். வழி முழுக்க நல்ல மழை. ரீல் தகரங்களின் மேல் ஒட்டியிருந்த நம்பர் சீட்டெல்லாம் ஊறிக் கழன்றுவிட்டன. கூட்டம் கதவை இடிக்கிற இடியில் ஆபரேட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைக்குக் கிடைத்ததை ஏற்றிவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

நம்ம ஆளுக்கு அதில் மாட்டுவண்டிக்காரன் வேஷம். ஜமீன்தாரோடு பகை. பாதிப் படம் ஓடியதும், நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் தனியாக நடந்து வருகிறார். பின்னாலிருந்து குத்திவிடுகிறார்கள். நாயகியின் மடியில் தலை சாய்த்துச் சாகிறார். திரையில் 'வணக்கம்' என்று எழுத்து விழுந்தது.

கொட்டகை விக்கித்துப் போய்விட்டது. ஒரு விசில் இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பக்கிரி, வாய்விட்டு அழுதார். பக்கிரி சைக்கிள் கடை வைத்திருந்தவர், எங்கள் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர்.

அடுத்த ரீல் ஓட ஆரம்பித்தது. மாட்டுச் சலங்கை கேட்டது. நம்ம ஆள் வண்டியில் உட்கார்ந்து பாடிக்கொண்டு வருகிறார்!

அப்போது எழுந்த சத்தத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் கேட்டதில்லை. பக்கிரி பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டார். "பாத்தீங்களாடா! நம்ம ஆளுக்கு ஏதுடா சாவு!" என்று கத்தினார். அதன் பிறகு நம்ம ஆள் பாடினார், காதலித்தார், ஜமீன்தாரின் அடியாட்களைத் துவைத்து எடுத்தார். அதோடு விளக்குப் போட்டுவிட்டார்கள். நாவலாசிரியனான எனக்காவது ஏதாவது உறைத்ததா? அழுதுகொண்டே விசில் அடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த காட்சிக்குள் ஆபரேட்டர் கண்டுபிடித்து ரீல்களை ஒழுங்குபடுத்திவிட்டார். படம் ஒழுங்காக ஓடியது. நம்ம ஆள் கடைசியில் செத்தார், வணக்கம் போட்டார்கள். பெஞ்சுகள் உடைந்தன.

"காத்தால பொழச்சவர சாயங்காலம் ஏன்யா சாவடிச்ச?" என்று பக்கிரி கொட்டகைக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"படமே அப்படித்தாம்பா! மெட்ராஸ்ல அப்படித்தான் எடுத்துருக்கான்!"

"மெட்ராஸ்காரன் எப்படியோ சாவடிச்சுக்கட்டும். எங்க ஊர்ல சாவக் கூடாது."

கொட்டகைக்காரர் உடைந்த பெஞ்சுகளைப் பார்த்தார். மறுநாளிலிருந்து தப்பான வரிசையே சரியான வரிசை ஆகிவிட்டது. ஆபரேட்டர் அந்த 'வணக்க'த்தை மட்டும் வெட்டிக் கடைசியில் ஒட்டினார். கடலூரில் தினமும் செத்துக்கொண்டிருந்த நம்ம ஆள், புதுச்சேரியில் தினமும் பிழைத்துக்கொண்டிருந்தார். கடலூர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, பஸ் ஏறி வந்து எங்கள் ஊரில் பார்த்துவிட்டும் போனார்கள்.

இதற்கென்று ஒரு நோட்டீஸ் வேண்டும் என்று கொட்டகைக்காரர் அச்சகத்துக்கு வந்தார். "இவன் கதையெல்லாம் எழுதறான், இவன எழுதச் சொல்லுங்க" என்று முதலாளி என்னைக் கைகாட்டினார். நின்ற நிலையில் எழுதி, நானே எழுத்துக் கோத்தேன். 'இறந்தவர் மீண்டும் வருகிறார்! புதுச்சேரியில் மட்டும்! குடும்பத்துடன் கண்டு களியுங்கள்!'

அச்சில் வந்த என் முதல் எழுத்து அதுதான். ரோஸ் காகிதம்.

நோட்டீஸ் வீடு வந்தது

தாரை தப்பட்டையோடு நோட்டீஸ் வீசிக்கொண்டு போகும் ஜட்கா வண்டி நெல்லித்தோப்புக்கும் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தையல் மிஷின் மேல் ரோஸ் நோட்டீஸ் இருந்தது. அதன் மேல் கத்தரிக்கோல்.

"இது உங்க அச்சாபீஸ்ல அடிச்சதா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"நீ எழுதினதா?"

கை கழுவப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

"நெசமாவே வர்றாரா?"

"சினிமாக்கா அது."

"சினிமாதான். தெரியாதா எனக்கு? என்னக் கூட்டிட்டுப் போ."

அம்மா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "அறிவிருக்காடா உனக்கு? புருஷன் செத்த வருஷத்துல சினிமா கொட்டாயா? ஊரு சிரிக்கறத வுடு. செத்தவன் திரும்பி வர்றத அவ கண்ணால பாத்துட்டா, அப்புறம் அந்தக் கயிறு அவ கழுத்த வுட்டு எறங்குமா?"

அம்மா சொன்னது சரி. நான் வேலை இருக்கிறது என்றேன். வேலை இருக்கவும் செய்தது. கார்த்திகை போயிற்று, பிரெஞ்சு வாழ்த்து அட்டைகள் வந்தன. நின்று நின்று என் கால் வீங்கியிருந்தது. தினமும் வீட்டுக்கு வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். நான் பாயைப் பார்ப்பேன். படம் போய்த் தொலையட்டும் என்று காத்திருந்தேன். போகவே இல்லை. கிறிஸ்துமசுக்குப் புதுப்படம் வரும் வரை ஓடும் என்றார்கள்.

மார்கழியில் ஒருநாள் அக்கா, "நீ கூட்டிட்டுப் போவலன்னா நானே போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. கூடப் போனேன்.

தடுப்புச் சுவர்

அப்போதெல்லாம் கொட்டகையில் பெண்களுக்குத் தனி இடம். நடுவில் இடுப்பளவு தடுப்புச் சுவர் இருக்கும். மேட்னி ஆட்டம், கூட்டம் குறைவு. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். படம் பார்க்காமல் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றங்கரையில் குத்து விழுந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு சலங்கைச் சத்தம். நம்ம ஆள் வண்டியில் வந்தார். விசில் பறந்தது. அவள் கை சுவரின் மேல் வந்து இறுகியது. சரி, எல்லாம் போயிற்று, இனி இவளைக் கடற்கரையிலிருந்து யாராலும் திருப்ப முடியாது என்று நினைத்தேன்.

"டேய்."

"என்னாக்கா?"

"நெத்தியில கட்டுப் போட்டிருந்தாரே, அது எங்க?"

பாட்டு முடிந்து சண்டை வந்தது. ஒரு அடியாள் நம்ம ஆளின் நெற்றியில் தடியால் அடித்தான். ரத்தம் வழிந்தது.

"இப்பத்தான அடியே விழுது" என்றாள் அக்கா. "அப்ப இதெல்லாம் முன்னாடி நடந்தது. அப்படித்தான?"

"ஆமாக்கா. ரீல மாத்திப் போடறாங்க."

எழுந்து வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. சுவரில் முகவாயை ஊன்றிக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். அவர் அடியாளைத் தூக்கிக் குளத்தில் போட்டுவிட்டுச் சிரித்தபோது இவளும் சிரித்தாள்.

"அந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியல பாரு" என்றாள். "எப்படிச் சிரிக்கிறாரு."

வெளியே வந்தோம். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அக்கா நின்றாள். "கடைசியா லீவு முடிஞ்சு போனப்ப அவரும் அப்படித்தான் சிரிச்சுக்கிட்டு போனாரு" என்றாள். அப்புறம், "இனிமே வர மாட்டாருடா" என்றாள். ஆடியிலிருந்து அடக்கி வைத்த அழுகை அத்தனையும் அங்கே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க, சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன்.

படம் பார்த்துவிட்டுப் போன ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார். "அழாதம்மா, அழாத. அதான் நம்ம ஆளு பொழச்சுட்டாரே" என்று தேற்றிவிட்டுப் போனார்.

கப்பல் நகர்ந்தது

கிறிஸ்துமசுக்கு முதல் நாள் காலையில், யாரையும் கூப்பிடாமல், யாரிடமும் சொல்லாமல், அக்கா தானே தாலியைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அம்மா பதறிக்கொண்டு வந்தாள். சொந்தக்காரப் பெண்களைக் கூப்பிட வேண்டும், முறை செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"யாரும் வேணாம்மா. நான்தான கட்டிக்கிட்டேன், நானே கழட்டிட்டேன். பொட்டு வெச்சுக்குவேன். அது அவரு வர்றதுக்கு முன்னாடியே எனக்கு இருந்துச்சு."

அம்மா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளும் களைத்துத்தான் போயிருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அச்சகத்துக்கு விடுமுறை. ஒரு பகல் முழுக்கத் தூங்கலாம் என்று பாயை விரித்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் கதை எங்க நிக்குது?"

"கப்பல்ல."

"எத்தன நாளைக்கு அந்த மனுஷனக் கப்பல்லயே நிக்க வெப்ப? கால் வலிக்காது?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். எந்த முடிவும் எழுத வரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

"அவரு சாவறத மொதல்லயே எழுதிடு" என்றாள். "கடைசியில வெச்சீன்னா, எப்ப வருமோ எப்ப வருமோன்னு பயந்துக்கிட்டே படிக்கணும். மொதல்ல முடிச்சுட்டா, அப்புறம் கதை பூரா அவரு உயிரோட இருப்பாரு இல்ல?"

அப்படியே எழுதினேன். கிறிஸ்துமஸ் போய்ப் பொங்கல் வரும் வரை, வீங்கின காலை நீட்டிப் போட்டுக்கொண்டு எழுதினேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். கதாநாயகன் செத்துவிடுவதை முதலிலேயே சொல்லிவிட்டால் வாசகர்கள் மேற்கொண்டு எதற்குப் படிப்பார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொன்றுக்கு அனுப்பினேன். அவர்களும் அதையேதான் கேட்டார்கள். பிறகு அனுப்புவதை விட்டுவிட்டேன். பின்னாளில் வேறு நாவல்கள் எழுதினேன், அவை அச்சாகின. இது மட்டும் ஆகவில்லை.

அந்தக் கலர்க் காகிதக் கட்டை அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். தையல் வேலை இல்லாத மத்தியானங்களில் எடுத்துப் படிப்பாள். சில இடங்களில் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். வருடக்கணக்கில் படித்தாள். விளிம்பெல்லாம் பிய்ந்து, எழுத்து மங்கி, தாள்கள் துணி மாதிரி தொளதொளவென்று ஆகிவிட்டன. மேலே இருந்த முதல் அத்தியாயம் மட்டும் நான் கொடுத்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஒருநாள் கேட்டேன். "ஏங்க்கா, மொதல் அத்தியாயம் நல்லால்லியா?"

"அத நீ எழுதிட்ட இல்ல, போதும்" என்றாள். இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினாள்.